சித்திரை வெயில் வாரம்: புளி, வடகம், பருப்பு, கண்மாய் மீன் எல்லாம் ஒரே நேரத்தில்

சிவகங்கைச் சீமை | திங்கள், இரவு 9.50

இந்த வாரம் எங்கள் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் செம்மண் பூசிய துவரை, கயிற்றுக் கட்டிலில் மோர் மிளகாய், மாடியில் வேட்டி விரித்துக் கூழ் வற்றல். இவற்றுக்கு நடுவே கோழிகள். கண்மாயில் தண்ணீர் வற்றிவிட்டது. சனிக்கிழமை மீன்பிடி என்று ஊர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். மீனும் வந்து சேரப்போகிறது.

கிராமத்துக்குத் திரும்ப நினைப்பவர்கள் இங்கே நிறையக் கேட்கிறீர்கள். எவ்வளவு நிலம் வேண்டும், கிணறு எத்தனை அடி, நாட்டு மாடு வாங்கலாமா என்று. வெயிலைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய புளி, பருப்பு, வடகம், வற்றல், மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி அத்தனையும் பங்குனிக் கடைசிக்கும் வைகாசிக்கும் நடுவில் காய்ந்து டப்பாவுக்குள் போயாக வேண்டும். அதற்குப் பிறகு காற்றும் மழையும் மாறி மாறி வரும். நிலம் ஓர் ஏக்கர் குறைந்தால் சமாளிக்கலாம். இந்தச் சில வாரங்களில் கை குறைந்தால் சமாளிக்க முடியாது.

இன்று செய்த வேலையைச் சொல்கிறேன். புளியை மரத்திலிருந்து உலுக்கி ஓடு உடைத்து வைத்திருந்தோம். இனிக் கோதையும் நாரையும் கொட்டையையும் எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் கிடந்த புளியைக் கல்லில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறித்து வெளியே வரும். ஈரக்காற்று பட்ட புளி விரலோடு ஒட்டிக்கொள்ளும், கொட்டை வராது. ஆகவே காலை பத்து மணிக்கு மேல்தான் தட்ட உட்கார முடியும். ஓட்டோடு மூன்று கிலோ எடுத்தால் சுத்தமான புளி ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். கொட்டையை வாங்க வியாபாரி வருவார், அதில் பசைமாவு எடுக்கிறார்கள். புளியை மண்பானையில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று அழுத்தி அடைத்து வாயைத் துணியால் வேடு கட்டிவிடுவோம். அலுமினியப் பாத்திரத்திலோ பித்தளையிலோ வைக்கக் கூடாது, அரித்துவிடும்.

துவரை தையில் அறுத்தது. இரவெல்லாம் ஊற வைத்து, வடித்து, சலித்த செம்மண்ணைக் குழைத்துப் பிசிறிக் குவித்துவைத்தோம். இன்று காலையில் பரப்பியாகிவிட்டது. நன்றாகக் காய்ந்ததும் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் இட்டு உடைக்க வேண்டும். நாளை தாளிப்பு வடகத்துக்கு வெங்காயம் உரிக்கும் நாள். அழுவதற்கு ஆள் சேர்த்துவிட்டேன்.

*

பெங்களூர் வாசி | திங்கள், இரவு 10.35

அக்கா, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நானும் மனைவியும் வேலையை விட்டுவிட்டு மணப்பாறைப் பக்கம் போய்விடலாம் என்று இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனையையும் இரண்டு பேர் செய்ய முடியுமா? இன்னொரு கேள்வி. துவரைக்கு ஏன் மண்? கழுவிக் காய வைத்து மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றினால் உடையாதா?

*

பொருநைக்கரை | செவ்வாய், காலை 6.10

மிக்சியில் போட்டால் பருப்பு வராது தம்பி, மாவுதான் வரும்.

துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் பிசின் போல ஒன்று இருக்கிறது. அதனால்தான் ஊற வைத்த உளுந்தைப் போல எளிதில் தோல் கழன்று வராது. ஊறும்போது பருப்பு உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது, தோலின் பிடி தளர்கிறது. ஊறிய பருப்பிலுள்ள ஈரத்தைச் செம்மண் மெல்ல இழுத்துக்கொள்கிறது. பெரிய ஆலைகளில் எண்ணெய் பிசிறி வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். செம்மண் கட்டிய பருப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: சீக்கிரம் வண்டு விழாது. பத்துக் கிலோ துவரைக்கு ஏழு கிலோ பருப்பு வந்தால் நல்ல கணக்கு. மீதி உமியும் குருணையும். அவை மாட்டுக்கு.

திருகையில் கை நிறைய அள்ளிப் போடாதீர்கள். குழியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் முழுசு முழுசாகப் பிளக்கும்.

*

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 8.45

குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட வேண்டுமே.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நீங்கள் ஊற வைத்து, மண் பூசி, காய வைத்து, சலித்து, உடைத்து, புடைத்து எடுக்கிற பருப்புக்கு உங்கள் உழைப்பையும் கூலியாகச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சந்தையில் உயர்ந்த ரகப் பருப்பு வாங்கினால்கூட உங்களுடையதைவிட மலிவாகத்தான் இருக்கும். புளியும் அப்படித்தான். கொட்டை எடுக்க ஆள் வைத்தால் கூலியே பாதி விலையைத் தின்றுவிடும்.

செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் செய்யுங்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டு வரத் துடிக்கிற இளைஞர்களுக்கு இதைச் சிக்கனம் என்று காட்டாதீர்கள். இது செலவு. பணத்துக்குப் பதிலாக முதுகால் கொடுக்கிற செலவு.

*

வீட்டுக்கு மூத்த மருமகள் | செவ்வாய், பிற்பகல் 2.20

கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த முதுகு யாருடையது?

நான் பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருச்சியில். சிறுமியாக இருந்தபோது சித்திரை விடுமுறை என்றால் எனக்கும் அக்காவுக்கும் காக்காய் விரட்டுகிற வேலை. எங்கள் அண்ணன்மார் கிட்டி அடிக்கப் போய்விடுவார்கள். அம்மா விடியற்காலை மூன்று மணிக்குக் கூழ் கிண்ட எழுவார். வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்துவிட்டு, அப்புறம்தான் வழக்கமான சமையல். வடகத்துக்கு வெங்காயம் உரித்து, மிளகாய்க்குக் காம்பு கிள்ளி, இரவில் கையெரிச்சலில் தூங்காமல் கிடப்பார். எங்கள் அப்பா வற்றலை நொறுக்கிக்கொண்டே “உங்கம்மா கைப்பக்குவம்” என்பார். அதோடு சரி.

தற்சார்பு வாழ்க்கை என்று இப்போது பேசுகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். விதை, மாடு, மண்புழு என்று நன்றாகவே பேசுகிறார்கள். அடுப்படியில் நடக்கும் பாதி மட்டும் பேச்சில் வருவதே இல்லை. சிவகங்கைச் சகோதரி, உங்கள் வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு பெங்களூர்த் தம்பி முடிவு செய்யட்டும். அவர் மனைவியும் சேர்ந்து படித்தால் நல்லது.

*

சிவகங்கைச் சீமை | செவ்வாய், இரவு 10.15

கண் இன்னும் எரிகிறது. வெங்காயம் முடிந்தது.

மருமகள் அக்கா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வீட்டில் புளி உலுக்குவதும் ஓடு உடைப்பதும் என் கணவரும் கொழுந்தனாரும். துவரைக்கு மண் சலித்து, குழைத்து, கிளறி, வாரும் வரையில் அவர்கள் பொறுப்பு. அதில் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. திருகை மட்டும் என் மாமியாருடையது, வேறு யாரையும் தொட விடமாட்டார். புளி தட்ட மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காருகிறோம். இன்று எங்கள் வீட்டுப் புளி, நாளைக்கு மறுநாள் எதிர்வீட்டு அத்தையின் புளி. நிலமில்லாத ஒரு சின்னம்மா வருகிறார். அவருக்குக் கூலியும் உண்டு, பானை நிரம்பும்போது அவர் பங்குப் புளியும் உண்டு. கூழ் கிண்டுவது நான்தான், மறுக்கவில்லை. பிழிவது மகன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து வீட்டில் இருக்கிறான். முறுக்கு உழக்கை (பிழியும் அச்சை) அழுத்த இளங்கை நல்லது.

பெங்களூர்த் தம்பி, இரண்டு பேரால் முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. மூன்று வீடு சேர்ந்தால் முடியும். ஊருக்குப் போன முதல் கோடையிலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் அக்கம்பக்கத்து வீட்டு வேலைக்குப் போய் உட்காருங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் உங்கள் முற்றத்துக்கு வருவார்கள்.

வடகத்தின் அளவை இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள், பொதுவில் போடுகிறேன். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ, தோல் உளுந்து 200 கிராம், கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள், கல் உப்பு, இரண்டு கை கறிவேப்பிலை. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், அரைக்கக் கூடாது. உளுந்தை ஊற வைத்துக் கரகரப்பாக ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிசைந்து ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்து வெயிலில். மாலையில் உருண்டைகளை உடைத்துப் பாத்திரத்தில் ஊறியிருக்கும் சாற்றிலேயே போட்டுப் பிசைந்து, மறுநாள் மீண்டும் உருட்ட வேண்டும். சாறு முழுதும் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் விளக்கெண்ணெய் தொட்டுக் கடைசி உருண்டை. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் நிறம் வெளுத்துத் தெரிந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

*

வடமராட்சி | புதன், காலை 7.30

வணக்கம் அக்கா. உங்கள் பக்கத்து வடகம் தாளிக்க. எங்கள் யாழ்ப்பாணத்து வடகம் பொரித்துச் சோற்றோடு கடிக்க. இந்த மாதம் இங்கேயும் முற்றமெல்லாம் சுளகுகள்தான் (நீங்கள் முறம் என்பீர்கள்). வேப்பம்பூ கொட்டுகிற காலம். மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டு விடியற்காலையில் பொறுக்குவோம். உளுந்தை ஊற வைத்து அரைத்து, அரிந்த வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு, காய்ந்த வேப்பம்பூ எல்லாம் சேர்த்துப் பிசைந்து சின்ன வில்லையாகத் தட்டிக் காய வைப்போம். மூன்று நான்கு நாள் நல்ல வெயில் பிடிக்க வேண்டும். வேப்பம்பூவின் கசப்புப் பொரித்ததும் அடங்கி வாசமாக மாறிவிடும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வேலை ஒரே மாதத்தில் குவிவதில்லை. பனை அதைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் பிழிந்து பாயில் ஊற்றிப் பனாட்டு. அந்தக் கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி, தையில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மா இருந்தால் மழைக்காலத்துக் கூழுக்கு வேறு மாவு தேட வேண்டாம். உங்கள் ஊரிலும் பனை இருக்குமே, ஏன் இந்தப் பேச்சில் பனையே வரவில்லை?

*

நுண்ணோக்கி | புதன், பகல் 12.05

உணவு நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பாட்டி கைவற்றலும் சாப்பிடுகிறேன், ஆகவே பயமுறுத்துகிற ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்வதாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது. மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவை அரைகுறையாகக் காய்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்கு நஞ்சு. பொரித்தாலும் வேக வைத்தாலும் அது முழுதாகப் போகாது. பூசணம் பட்ட கடலையைப் பொறுக்கி எறியாமல் “செக்குக்குத்தானே” என்று மீதியோடு கொட்டுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை, ஆகவே நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயோடு வரும். கெட்ட கடலை குப்பைக்குத்தான், கோழிக்கும் கூடாது. பிண்ணாக்கில் இன்னும் அதிகமாகத் தங்கும், மாடு தின்றால் பாலுக்கு வரும்.

பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு ஜாடியில் அடைத்து வெளியே வைப்பதும் வேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசக் கிருமிக்கு அது வசதியான வீடு. புளிப்பு இருந்தால் அது வளராது, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் தாராளமாகச் சேர்ப்பது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. “புளிப்புக் குறைவாக, உப்புக் குறைவாக” என்று புதிதாகச் செய்து பார்ப்பவர்கள் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

*

சிவகங்கைச் சீமை | புதன், இரவு 8.40

மழை. நாலரை மணிக்கு மேற்கே கறுத்தது, ஐந்துக்குள் கொட்டிவிட்டது. கோடைமழை பிடித்தால் இப்படித்தான், முன்னறிவிப்பு இல்லை. புளியும் வடகமும் உள்ளே வந்துவிட்டன. மாடியில் இருந்த கூழ் வற்றல் வேட்டியோடு நனைந்தது. துவரையில் ஒரு சாக்கு அளவு நனைந்துவிட்டது. மோர் மிளகாய்க்குக் கவலையில்லை, எப்படியும் இரவில் மோருக்குள் போக வேண்டியதுதான்.

நனைந்த துவரையை என்ன செய்யலாம்? பொருநைக்கரை ஐயாவோ அனுபவப்பட்ட வேறு யாரோ சொல்லுங்கள். மின்சாரம் போய்ப்போய் வருகிறது.

*

வயல்வரப்பு | புதன், இரவு 9.25

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உடனே செய்ய வேண்டியது இது. சாக்கிலோ குவியலிலோ வைக்காதீர்கள், சூடேறி முளை விட்டுவிடும். திண்ணையிலோ கூடத்திலோ மெல்லியதாகப் பரப்புங்கள், மின்விசிறி ஓடட்டும். மின்சாரம் இல்லையென்றால் ஒரு மணிக்கொருமுறை கையால் கிளறுங்கள். நாளை வெயில் வந்ததும் வெளியே. முளை எட்டிப் பார்த்ததைத் தனியாக எடுத்துச் சுண்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது பருப்பாக உடையாது. மண் கரைந்து போயிருந்தால் திரும்பப் பூச வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. சூரியக் கூடார உலர்த்தி என்று இருக்கிறது. பாலிகார்பனேட் தகடு வேய்ந்த கூடம். வெளி வெயிலைவிட உள்ளே வெப்பம் கூடுதல், தூசியும் ஈயும் நாயும் உள்ளே வராது, மழையிலும் நனையாது. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வருகிறது. ஒரு வீட்டுக்கு இது பெரிது. உங்கள் மூன்று வீடும் இன்னும் நாலு வீடும் சேர்ந்து கேளுங்கள். மிளகாய் போடுகிற ராமநாதபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இது இன்னும் அதிகம் பயன்படும். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ரோட்டோரத்தில் காய வைத்த மிளகாய்க்கு நல்ல விலை எங்கிருந்து வரும்?

*

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 9.00

மழைக்கு வருந்துகிறேன். உண்மையாகவே.

இருந்தாலும் என் பேச்சை முடித்துவிடுகிறேன். இதற்குத் தற்சார்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உப்பு தூத்துக்குடியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ வர வேண்டும். ஜவ்வரிசி வற்றல் என்றால் சேலத்து மரவள்ளி. கடுகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம் அத்தனையும் வடக்கிலிருந்து. வேட்டி, உழக்கு, மாவு மில் எல்லாம் காசு. நம் பாட்டன் காலத்திலும் உப்பு வண்டியும் கருவாட்டுக்காரியும் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எந்த ஊரும் தன் கையை மட்டும் நம்பி வாழ்ந்ததில்லை. அப்படியிருக்க எதற்கு இந்த வீம்பு?

*

பொருநைக்கரை | வியாழன், காலை 9.40

வீம்பு எங்கே வந்தது ஐயா? அந்த அம்மா உப்பையும் தானே காய்ச்சுவேன் என்று சொல்லவில்லையே.

*

சிவகங்கைச் சீமை | வியாழன், இரவு 9.30

வெயில் வந்துவிட்டது. வயல்வரப்பு ஐயா சொன்னபடி பரப்பினோம், துவரை தப்பியது. முளைத்தது கொஞ்சம்தான். கூழ் வற்றல் போயிற்று. மாடு தின்றது.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு. சீரகத்தை நான் விளைவிக்கப் போவதில்லை. பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். எதை வீட்டில் செய்வது, எதை வாங்குவது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தில் விளைந்ததை விற்றுவிட்டு அதையே திரும்ப வாங்கக் கூடாது. அவ்வளவுதான். துவரையை வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு, அதே துவரையைப் பருப்பாகக் கடையில் இரு மடங்கு கொடுத்து வாங்குவதில் எனக்கு வயிறு எரிகிறது. ரேஷன் பருப்பையும் வாங்குகிறோம், சாம்பாருக்குப் போகிறது. திருகையில் உடைத்த பருப்பு, நெய் விட்டுப் பிசைய. ஒரு முறை சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். செக்கு ஆட்டுவதை விட்டுவிட்டோம். எள்ளை டவுன் செக்குக்காரரிடம் கொண்டுபோய்க் கருப்பட்டி சேர்த்து ஆட்டி வாங்கி வருகிறோம். ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய். பிண்ணாக்கு நமக்கு. அதை வீட்டில் செய்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

வடமராட்சித் தம்பிக்கு. எங்கள் ஊரில் பனை நிறைய நிற்கிறது, ஏறுவதற்கு ஆளில்லை. பதநீர் இறக்கியவர்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்களை ஏறச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நுங்கு வெட்ட ஒருவர் வருகிறார். பனம்பழத்தை மாடு தின்கிறது. கிழங்கு மட்டும் போடுகிறோம், பொங்கலுக்கு அவித்துத் தின்ன. ஒடியல் செய்யும் பழக்கம் இந்தப் பக்கம் அவ்வளவாக இல்லை; உங்கள் முறையைத் தனி இழையாக எழுதினால் இந்த மார்கழியில் செய்து பார்க்கிறோம்.

*

வீட்டுக்கு மூத்த மருமகள் | வெள்ளி, காலை 11.15

விளைந்ததை விற்றுவிட்டு அதையே வாங்கக் கூடாது என்பது நல்ல வழக்கம். எங்கள் அம்மாவிடமும் இருந்தது; அவர் அதைச் சொன்னால் கேட்க ஆளில்லை.

கூழ் வற்றலை இனிக் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒன்றுதான் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுப்பது. பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக்கள் நன்றாகச் செய்து விற்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள், பணம் ஒரு பெண் கைக்குத்தான் போகும்.

*

பெங்களூர் வாசி | வெள்ளி, பகல் 1.30

மனைவியும் படித்துவிட்டார். “திருகை சுற்ற நீ, கூழ் கிண்டவும் நீ, நான் மீன் பிடிக்கப் போகிறேன்” என்கிறார். மீன்பிடியைப் பற்றி எழுதுங்கள் அக்கா. பெண்களும் இறங்குவார்களா?

*

சிவகங்கைச் சீமை | ஞாயிறு, காலை 10.20

இறங்காமல் என்ன? நேற்று எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் கண்மாய்க்குள்தான். விடிவதற்கு முன்பே கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதுதான் தாமதம், ஊத்தா, கச்சா, அரிகூடை, சேலை, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு எல்லாரும் பாய்ந்தார்கள். ஊத்தாவை அறியாதவர்களுக்கு: மூங்கில் குச்சிகளால் பின்னிய, அடியில்லாத கூடை. முழங்கால் தண்ணீரில் சேற்றில் அதை அழுத்திக் குத்தினால் உள்ளே மீன் இருக்கும்போது மூங்கிலில் இடிப்பது கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். கெளுத்தி என்றால் முள் குத்தும், கடுக்கும். விரால் என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும். என் மகனுக்கு ஒரு விரால் கிடைத்தது. கொழுந்தனாருக்குக் கெளுத்தி முள்.

பிடித்த மீனை விற்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மீன் கிடைக்காத வீட்டுக்கு ஒரு சட்டி கொடுத்துவிட வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு, இந்த ஆண்டுப் புளியைப் போட்டு. புதுப்புளி கொஞ்சம் காரலாக இருந்தது. பழையது கலந்தால்தான் மீன்குழம்பு திரளும் என்று மாமியார் அடித்துச் சொல்கிறார். மிஞ்சிய சின்னக் கெண்டையைக் குடல் நீக்கி, உப்பில் புரட்டிக் கூரையில் காய வைத்திருக்கிறோம். பூனைக்கு முன் முந்திக்கொள்ள வேண்டும்.

மருமகள் அக்கா சொன்னபடி கூழ் வற்றலை இந்த ஆண்டு மறுபடி போடவில்லை. காளையார்கோவில் சந்தைக்குப் போகும்போது வாங்கிக்கொள்வோம். துவரை நாளை திருகைக்குப் போகிறது. கத்திரி வெயில் தொடங்கினால் மிளகாயும் மல்லியும் காய்ந்து மில்லுக்கு.

*

கோவை மாடித்தோட்டம் | ஞாயிறு, மாலை 5.05

தாமதமாக வந்தேன். இரண்டு சந்தேகம். உடைத்த பருப்பை எதில் வைப்பீர்கள்? மிதுக்கு வற்றலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே, சிவகங்கைப் பக்கம் மிதுக்கங்காய் கிடைக்காதா? இங்கே விதைக்கு அலைகிறேன்.

*

சிவகங்கைச் சீமை | ஞாயிறு, இரவு 9.10

பருப்பைப் புடைத்து, ஒரு நாள் வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு தகர டின்னில். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும், வண்டு வரும். இரண்டு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் வேப்பிலையும் மேலாகப் போடுவோம். கொஞ்சம் துவரையை மட்டும் உடைக்காமல் சாம்பல் பிசிறி விதைக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.

மிதுக்கு மழைக்குப் பின் வேலியில் தானாகப் படரும், யாரும் விதைப்பதில்லை. தை, மாசியோடு காய்ப்பு முடிந்துவிட்டது. கீறி உப்பு மோரில் ஊறப் போட்டு அப்போதே வற்றல் போட்டாயிற்று. வேலியில் பழுத்துக் காய்ந்தவை கொஞ்சம் கிடக்கும், விதை எடுத்துத் தருகிறேன். முகவரியைப் பொதுவில் போடாமல் தனிமடலில் அனுப்புங்கள். ஆடியில் ஒரு மழை பெய்த பிறகு போடுங்கள். அதற்கு முன் போட்டால் எறும்பு தின்றுவிடும்.